625001: மதுரை பின்கோடு எண்ணைப் பென்சிலால் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கடிதம் எழுதினாலும் சரி, பாரதியார் 1904-இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த சேதுபதி பள்ளிக்கு எழுதினாலும் சரி, முகவரியின் கடைசியில் வருவது 625001. சித்திரை வீதியிலும் மாசி வீதியிலும் குடியிருப்பவர்கள் இதை வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் இதை ஓர் எண்ணாக நிறுத்தி வைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. உள்ளே பார்த்தால் இது அத்தனை அழகான எண்.

இந்த வழிகாட்டிக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் இருந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கைத் தாண்டி ஓரிடத்தில் மட்டுமே போகிறோம்; அந்த இடத்தில் நிதானமாகவே போவோம். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். ஒரு பெரிய எண்ணை ஆராயும்போது எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறோம் என்பதுதான் பாதி வேலை.

முதல் படி: எண்ணின் உருவத்தைப் பாருங்கள்

கணக்குப் போடத் தொடங்கும் முன் எண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கமான 6, தமிழகமும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைக் குறிக்கும். மதுரைக்கு அது 625. கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு உரியவை.

ஆக, அஞ்சல் துறை இந்த எண்ணை 625 | 001 என்று இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது. கணக்குக்கும் அதே வெட்டுத்தான் வேண்டும்:

625001 = 625 × 1000 + 1

பழைய தமிழ் எண்களில் எழுதினால் இது ௬௱௨௰௫௲௧. பூஜ்யமே இல்லாத முறை அது. அறுநூற்று இருபத்தைந்து, ஆயிரம், ஒன்று என்று கட்டுமானம் எழுத்திலேயே தெரிகிறது.

இனி 625 என்பது 5⁴. ஆயிரம் என்பது 2³ × 5³. இரண்டையும் பெருக்கினால்:

625001 = 2³ × 5⁷ + 1

இந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். 2, 3, 5, 7 என முதல் நான்கு பகா எண்களும் வரிசை மாறாமல், ஒவ்வொன்றும் ஒரே முறை வந்திருக்கின்றன. தற்செயல்தான். ஆனால் வேண்டுமென்றே தேடியிருந்தாலும் இவ்வளவு நேர்த்தியான எண் எளிதில் கிடைத்திருக்காது.

இரண்டாம் படி: சின்ன வகுத்திகளைக் கழித்துவிடுங்கள்

கடைசி இலக்கம் 1. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 6+2+5+0+0+1 = 14; ஆகவே 3-ஆலும் வகுபடாது. இதுவரை பள்ளிப் பாடம்.

அடுத்து 7, 11, 13. மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. அவற்றை நினைவில் வைக்கத் தேவையில்லை, ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. இந்த ஒரு பெருக்கல் தெரிந்தால் ஒரே கல்லில் மூன்று மாங்காய். ஆயிரம் என்பது 1001-இல் ஒன்று குறைவு. எனவே

625 × 1000 + 1 = 625 × 1001 − 625 + 1 = 625 × 1001 − 624

முதல் பகுதி 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். மீதியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். 624-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-ஆல் வகுத்தால் மீதி 8. 13-ஆல் வகுத்தால் சரியாக 48. ஆகவே 625001 பகா எண் அல்ல. 13 அதன் காரணி:

625001 = 13 × 48077

இந்தச் சோதனை மதுரைப் பின்கோடு அனைத்துக்கும் பொருந்தும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். 625-க்கும் கடைசி மூன்று இலக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். அந்தச் சின்ன எண்ணை மட்டும் சோதியுங்கள். கோரிப்பாளையம் அமெரிக்கன் கல்லூரியின் எண் 625002. வித்தியாசம் 623 = 7 × 89, ஆகவே 7-ஆல் வகுபடும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு 625023; வித்தியாசம் 602 = 7 × 86, இதுவும் 7-ஆல் வகுபடும். வாடிப்பட்டியின் 625218-க்கு வித்தியாசம் 407 = 11 × 37, ஆகவே 11-ஆல் வகுபடும். தெப்பக்குளத்தை அடுத்த தியாகராசர் கல்லூரியின் 625009-க்கு வித்தியாசம் 616. அது 7 × 8 × 11, ஆகவே இரண்டாலும் வகுபடும். பஸ்ஸில் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் பார்த்தபடியே இதை மனக்கணக்காகச் செய்துவிடலாம்.

மூன்றாம் படி: 48077-ஐ உடைப்பது

இந்த வழிகாட்டியின் மையமே இதுதான். அவசரப்பட வேண்டாம்.

48077-இன் வர்க்க மூலம் 219-க்கும் 220-க்கும் இடையே இருக்கிறது (220² = 48400). அது பகு எண்ணாக இருந்தால் 219-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீர வேண்டும். நேர்வழி என்றால் 13, 17, 19, 23 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போக வேண்டும். அது தவறான வழி அல்ல, ஆனால் கை வலிக்கும்.

பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா ஒரு மாற்று வழி தந்திருக்கிறார். ஓர் ஒற்றை எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுத முடியுமானால், அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாகவும் எழுத முடியும். அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) என்பதுதான் அடிப்படை. எனவே 220-இலிருந்து தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் 'அ' என்று வைத்து, அ² − 48077 ஒரு முழு வர்க்கமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. மூன்று சல்லடைகள் இருக்கின்றன.

முதல் சல்லடை நான்கு. 48077-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. வர்க்க எண்களை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். அ² − ஆ²-க்கு மீதி 1 வர வேண்டுமானால் 'அ' ஒற்றைப்படையாகவும் 'ஆ' இரட்டைப்படையாகவும் இருக்க வேண்டும். பாதி எண்கள் போய்விட்டன.

இரண்டாவது சல்லடை கடைசி இலக்கம். ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் 1, 5, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் முடியும். அதிலிருந்து 7-இல் முடியும் எண்ணைக் கழித்தால் விடை முறையே 4, 8, 2-இல் முடியும். எந்த வர்க்கமும் 8-இலோ 2-இலோ முடியாது. ஆகவே அ² கட்டாயம் 1-இல் முடிய வேண்டும். அதாவது 'அ' 1-இலோ 9-இலோ முடிய வேண்டும்.

மூன்றாவது சல்லடை மூன்று. 48077-இன் இலக்கக் கூட்டுத்தொகை 26. 3-ஆல் வகுத்தால் மீதி 2. வர்க்கங்களுக்கு 3-ஆல் வகுத்த மீதி 0 அல்லது 1. வித்தியாசத்துக்கு மீதி 2 வர ஒரே வழி, அ²-க்கு மீதி 0, ஆ²-க்கு மீதி 1. ஆகவே 'அ' 3-இன் மடங்கு.

220-க்கு மேல், ஒற்றைப்படையாக, 3-இன் மடங்காக, 1-இலோ 9-இலோ முடியும் முதல் எண் 231. அடுத்தது 249.

231² = 53361. அதிலிருந்து 48077 போனால் 5284. 72² = 5184, 73² = 5329. இடையில் சிக்குகிறது, வர்க்கம் இல்லை.

249² = (250 − 1)² = 62500 − 500 + 1 = 62001. அதிலிருந்து 48077 போனால் 13924. 120-இன் வர்க்கம் 14400; 118-இன் வர்க்கம் 14400 − 480 + 4 = 13924. கிடைத்துவிட்டது.

48077 = 249² − 118² = (249 − 118)(249 + 118) = 131 × 367

இரண்டே முயற்சி. வகுத்துக்கொண்டே போயிருந்தால் 13-இலிருந்து 131 வரை 27 பகா எண்களால் வகுத்திருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை ஒரு பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், வகுத்தல் என்பது வெறும் உழைப்பு என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வராது என்று உறுதியாக நம்புகிறேன்.

131-உம் 367-உம் பகா எண்களா என்று சரிபார்த்துவிடுங்கள். 131-க்கு 11 வரை பார்த்தால் போதும். 367-க்கு 19 வரை. இரண்டும் எதனாலும் வகுபடவில்லை. ஆகவே முழு விடை:

625001 = 13 × 131 × 367

ஒரு எச்சரிக்கை. 13-ஐ எடுக்காமல் நேராக 625001 மீதே ஃபெர்மா முறையைப் போட்டிருந்தால் 791-இல் தொடங்கி 1035 வரை நடந்திருப்போம். இரண்டு காரணிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும்போதுதான் இந்த முறை வேகமாக முடியும். சின்ன வகுத்திகளை முதலில் கழித்துவிடச் சொன்னது இதற்காகத்தான்.

நான்காம் படி: வகுத்திகளும் கூட்டுத்தொகையும்

காரணிகள் கையில் வந்துவிட்டால் இது எளிது. மூன்று வெவ்வேறு பகா எண்கள் ஒவ்வொரு முறை மட்டும் வந்திருப்பதால் வகுத்திகள் 2 × 2 × 2 = 8. அவை 1, 13, 131, 367, 1703, 4771, 48077, 625001.

முதல் நான்கைக் கூட்டிப் பாருங்கள்: 1 + 13 + 131 + 367 = 512. சரியாக 2⁹.

எட்டையும் கூட்ட வேண்டுமானால் ஒவ்வொரு பகாக் காரணியோடும் ஒன்றைச் சேர்த்துப் பெருக்குங்கள்: 14 × 132 × 368 = 680064. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 55063. எண்ணைவிட இது மிகவும் சிறியது. ஆகவே 625001 ஒரு குறை எண். ஒப்பிட்டுப் பார்க்க, தமுக்கம் அருகே உள்ள காந்தி அருங்காட்சியகத்தின் 625020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 2² × 3 × 5 × 11 × 947. வகுத்திகள் 48. தன்னை நீக்கிய மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை 1286148. எண்ணைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அது மிகை எண். பத்தொன்பது எண்கள் தள்ளி இருப்பவை, குணத்தில் எதிரெதிர்.

625001-க்குள் அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? இப்போது ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பெருக்குங்கள்: 12 × 130 × 366 = 570960. கணித அறிஞர் ஆய்லர் தந்த கணக்கு இது. இணையத்தில் பணப் பரிமாற்றத்தைக் காக்கும், 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ என்ற மறைக்குறியீட்டு முறை இதன் மேல்தான் நிற்கிறது. எண்ணின் காரணிகள் தெரியாதவரை இந்தத் தொகையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதே அதன் பாதுகாப்பு.

போகிற போக்கில் ஒன்று: 13 அடுத்தடுத்த எண்களைக் கூட்டியும் 625001-ஐப் பெறலாம். நடுவில் 48077-ஐ வைத்து 48071 முதல் 48083 வரை கூட்டுங்கள். 131 எண்களாலும் (4706 முதல் 4836 வரை), 367 எண்களாலும் (1520 முதல் 1886 வரை) இதேபோல் வரும்.

ஐந்தாம் படி: வர்க்கங்களாகப் பிரிப்பது

625001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் முடியும் என்றே முதலில் தோன்றும். 13-ஐ 9 + 4 என்று எழுதலாமே. ஆனால் முடியாது. ஏன் என்பதைக் காண காரணிகளுக்குள் போக வேண்டும்.

131-ஐயும் 367-ஐயும் 4-ஆல் வகுத்தால் மீதி 3. இரண்டு மூன்றுகளைப் பெருக்கினால் 9. மீதி மீண்டும் 1 ஆகிவிடுகிறது. இப்படித்தான் எண் தன் உள்ளமைப்பை மறைத்துக்கொள்கிறது. 625001 = ச² + ட² என்று வைத்துக்கொள்வோம். அப்போது ச² + ட², 131-ஆல் வகுபட வேண்டும். 'ட' 131-ஆல் வகுபடாது என்றால், வர்க்கத்துக்கு மீதி −1 தரும் ஓர் எண் (அதாவது 131-ஆல் வகுத்தால் 130 மீதி வரும் வர்க்கம்) இருந்தாக வேண்டும். அந்த வர்க்கத்தை 65-ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். −1-இன் 65-ஆம் அடுக்கு −1. ஆனால் அதே விடை மூல எண்ணின் 130-ஆம் அடுக்கு. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி (131-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் 130-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 131-ஆல் வகுத்தால் மீதி 1 தான் வரும்) அதன் மீதி 1. ஒரே எண்ணுக்கு 1, −1 என்று இரண்டு மீதிகள் இருக்க முடியாது. ஆகவே ச, ட இரண்டும் 131-ஆல் வகுபட வேண்டும். அப்படியானால் 625001, 131²-ஆல் வகுபட வேண்டும். 131 ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. வழி அடைபட்டுவிட்டது.

மூன்று வர்க்கங்கள் என்றால் விடை முகத்திலேயே எழுதியிருக்கிறது. 625000 = 250² × 10; 10 = 3² + 1². ஆகவே

625001 = 750² + 250² + 1²

கடைசி மூன்று இலக்கங்கள் வர்க்கமாக இருக்கும் எந்த மதுரைப் பின்கோடுக்கும் இது பொருந்தும். தியாகராசர் கல்லூரியின் 625009, 750² + 250² + 3².

ஆறாம் படி: ஒன்றை 625001-ஆல் வகுத்தால்

1 ÷ 625000 = 0.0000016. ஏழு இலக்கங்களில் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் 625000-இல் 2-உம் 5-உம் மட்டுமே இருக்கின்றன. வகுக்கும் எண்ணோடு ஒன்றைச் சேருங்கள்:

1 ÷ 625001 = 0.0000015999974400040959934...

இது முடிவதே இல்லை. தொடக்கத்தில் 16-இன் அடுக்குகள் ஒளிந்திருக்கின்றன: 16-ஐ எழுதி, அதன் முதல் இலக்கத்திலிருந்து ஆறு இடம் தள்ளி 256-ஐக் கழித்து, மேலும் ஆறு இடம் தள்ளி 4096-ஐக் கூட்டினால் இந்த இலக்கங்கள் வரும்.

எத்தனை இலக்கங்களுக்குப் பிறகு இது திரும்பத் தொடங்கும்? ஒவ்வொரு பகாக் காரணிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். 1 ÷ 13-இல் 076923 என்று 6 இலக்கங்கள் சுழலும். 131-க்கு 130 இலக்கங்கள், 367-க்கு 366. ஒரு பகா எண்ணுக்குக் கிடைக்கக்கூடிய மிக நீண்ட சுழற்சி அந்த எண்ணில் ஒன்று குறைவு. 131, 367 இரண்டுமே அந்த உச்சத்தைத் தொடுகின்றன. இனி 6, 130, 366 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு: 2 × 3 × 5 × 13 × 61 = 23790.

ஏழு இலக்கங்களில் முடிந்தது, ஒன்றைச் சேர்த்ததும் 23790 இலக்கங்கள் நீளச் சுழற்சியாகிவிட்டது.

உங்கள் ஊர் எண்ணில் செய்து பாருங்கள்

மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனியின் எண் 625531. அதில் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி, ஏனென்றால் அது வேறு விதமாக நடந்துகொள்கிறது. வித்தியாசம் 625 − 531 = 94. அது 7, 11, 13 எதனாலும் வகுபடாது. 17, 19-உம் வகுக்காது. 23 வகுக்கும்: 625531 = 23 × 27197.

இங்கே ஃபெர்மா முறையை நம்பி உட்காராதீர்கள். 27197-இன் வர்க்க மூலம் 165-க்குச் சற்றுக் குறைவு. 23 முதல் 163 வரை பகா எண்களால் பொறுமையாக வகுத்துக்கொண்டு போங்கள்; எதுவும் வகுக்காது. 27197 பகா எண். தேனியின் எண்ணுக்கு வகுத்திகள் நான்கே. அதை 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால், இரண்டு வர்க்கங்களின் கேள்விக்குக் காரணிகளைப் பார்க்காமலே விடை சொல்லிவிடலாம்.